புனிதருக்குப் பாஸ் இல்லை

எங்கள் தெருப் புனிதர் என் நாக்கை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார் என்று நாலு நாள் முழுக்க நம்பினேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க். புதுத் துறைமுகத்துக்குள் போய்வர, படம் ஒட்டிய பாஸ் ஒன்று வைத்திருந்தேன். குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் அதைக் கழற்றுவேன். இவ்வளவு தகுதிகள் உள்ள ஆள், திங்கட்கிழமை காலையில் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்து, நுனியில் ஒரு வெள்ளைக் கொப்புளத்தைக் கண்டதும், 'சரி, தொடங்கிவிட்டார்' என்றுதான் நினைத்தேன்.

முந்தின நாள் கைதட்டல் அடங்குவதற்குள் கொதிக்கக் கொதிக்க ஒரு டீயை வாயில் கவிழ்த்துக்கொண்டது ஞாபகத்துக்கே வரவில்லை. பயந்தவனுக்கு டீயெல்லாம் ஞாபகம் வராது.

புனிதரின் பெயரைச் சொல்லமாட்டேன். ஒருமுறை அவரைச் சந்திக்கு இழுத்துப் பட்டது போதும்.

எங்கள் தெருத் திருவிழா பத்து நாள். சப்பரம் சுற்றி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மைதானத்தில் புனிதரின் வரலாற்று நாடகம் நடக்கும். கரண்டை நம்ப முடியாது என்பதால் சாயங்காலம் நாலு மணிக்கே தொடங்கி, வெளிச்சம் போவதற்குள் புனிதரை மோட்சத்துக்கு அனுப்பிவிடுவோம். திரைக்குப் பின்னால் அரண்மனையைக் கழற்றிச் சிறைச்சாலையாக மாட்டுகிற நேரத்தில் கூட்டம் கலைந்துவிடாமல் பிடித்துவைக்க ஒரு கோமாளி வேண்டும். ஆறு வருடமாக அந்தக் கோமாளி நான்.

கோமாளித் தொப்பி போட்டவன் யாரையும் எதுவும் சொல்லலாம் என்பது எங்கள் தெருவில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். ஊர்த்தலைவரின் குறட்டையைச் செய்து காட்டியிருக்கிறேன். பங்குச் சாமியாரின் பிரசங்கம் முடிவதற்குள் ஒரு தோணி கொழும்புக்குப் போய்த் திரும்பி வருவதாக நடித்திருக்கிறேன். மறுநாள் அவர்களே கூப்பிட்டு, "என்னலே, என்னய ரொம்ப வாரிட்ட" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுப்பார்கள். வாரப்படாதவர்களுக்குத்தான் வருத்தம்.

ஆனால் அந்த வருடம் அவசரநிலை அமலில் இருந்தது. நாடகம் எதுவானாலும் எழுத்துப் பிரதியைப் போலீஸ் ஸ்டேஷனில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"இந்தத் துறைமுக அதிகாரி யாருவே?"

"சும்மா ஒரு வேசம் சார். கப்பல் எந்தப் பக்கம் வருதுன்னு தெரியாம முழிக்கிற மாதிரி."

"முழிக்கிறவன் வேட்டி கட்டிட்டு முழிக்கட்டும். பேண்ட் போட்டவன் வேண்டாம்." ஒரு பக்கம் முழுக்கக் கோடு விழுந்தது.

"கேட் வாட்ச்மேன் ஒருத்தன் இருக்கான் சார்."

"அவன் இருக்கட்டும். சின்ன ஆளு."

"புனிதர்?"

"அது உங்க ஆளு. அவர என்னமும் சொல்லிக்கிடுங்க."

அந்த வருடம் அரசாங்கத்தைக் கேலி செய்ய முடியாது, சொர்க்கத்தைக் கேலி செய்யலாம் என்று புரிந்துகொண்டு வெளியே வந்தேன். வெட்டுப்பட்ட இடத்தை எதைக் கொண்டு அடைப்பது என்பதுதான் கவலை. அதை அடைக்க ஒரு கதை என்னிடம் தயாராக இருந்தது. நாலு வாரத்துக்கு முன்னால் துறைமுகக் கேண்டீனில் கேட்டது. சொன்னவன் என்னோடு வேலை பார்த்த சாயர்புரத்துக்காரன்.

"கேளுடே. நேத்து கேட்டுல ஒரு பெருசு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மூஞ்சி நெறைய பவுடர், கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி. வாட்ச்மேன் பாஸ் எங்கன்னு கேக்கான். பேச்சில்ல. யாரைப் பாக்கணும்னு கேக்கான். அதுக்கும் பேச்சில்ல. கடைசில சட்டைக்குள்ள கைய விட்டு உத்தரியத்தை எடுத்துக் காட்டுதாராம்! மாதா படம் இருக்குல்லா, அதான் பாஸாம்!"

உத்தரியம் என்பது கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிற சின்னத் துணிப்படம். எங்கள் ஆட்களில் அதைக் கடலில் விழுந்தால்கூடக் கழற்றாதவர்கள் உண்டு.

"பொறவு?"

"பொறவென்ன. உச்சி வெயில்ல கொஞ்ச நேரம் நின்னாரு. திரும்பிப் போயிட்டாரு."

சிரித்ததில் டீ மூக்கில் ஏறியது. அந்தப் பெருசு யார் என்று கேட்கத் தோன்றவில்லை. நல்ல கதை கையில் கிடைத்தவன் விலாசம் கேட்கமாட்டான்.

பெருசுக்குப் பதிலாகப் புனிதர், உத்தரியத்துக்குப் பதிலாக ஒளிவட்டம். இவ்வளவுதான் நான் செய்த மாற்றம். புனிதராக நடித்தவன் ஐஸ் ஃபாக்டரியில் வேலை பார்த்தவன். நல்ல உயரம், முகத்தில் சாந்தம், வசனம் மட்டும் நிற்காது; அதனால்தான் எப்போதும் அவனுக்குப் புனிதர் வேடம். அட்டையை வட்டமாக வெட்டி, சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை ஒட்டி, தலைக்குப் பின்னால் கம்பியில் மாட்டியிருந்தோம். நான் காக்கிச் சட்டையும் மூங்கில் கம்புமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"யாருவே அது? பாஸ் இருக்கா?"

"நான் இந்த ஊர்ப் புனிதர்."

"அப்பம் பழைய துறைமுகத்துக்குப் போவும். இது புதுசு."

"நானூறு வருசமா இந்தக் கடலக் காக்குதேன்."

"நானூறு வருசமாக் காத்தீரு, ஒரு பாஸு வாங்கி வைக்கத் தெரியலயே வே!"

மைதானம் அதிர்ந்தது. புதுத் துறைமுகம் வந்தபின் பாஸ் கிடைக்காமல் நின்றவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர். புனிதர் யோசித்தார். தலைக்குப் பின்னாலிருந்து ஒளிவட்டத்தைக் கழற்றி நீட்டினார். நான் வாங்கி, முன்னே பார்த்து, பின்னே பார்த்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "எல்லாம் சரிதான். சீல் எங்க?" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்தவன் கோமாளியாக வரமாட்டான். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அந்த ஒளிவட்டத்தாலேயே முகத்துக்கு விசிறிக்கொள்ள ஆரம்பித்தேன். புனிதர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். அடுத்த வசனம் மறந்துபோனதால்தான் அவன் அப்படிப் போனான். ஆனால் எழுதி ஒத்திகை பார்த்திருந்தால்கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது.

கைதட்டலுக்கு நடுவே, முன்வரிசையில் ஒருவர் எழுந்து போவதைப் பார்த்தேன். பாய்மரச் சரக்குத் தோணி ஓட்டுகிற தலைவனை எங்கள் பக்கம் தண்டல் என்பார்கள். அவர் ஒரு தண்டல். எனக்கு மாமனாராக வேண்டியவர். வெற்றிலை துப்பப் போகிறார் என்று நினைத்தேன்.

அன்று காலைப் பூசையில்தான் எங்கள் இரண்டாவது ஓலை வாசிக்கப்பட்டிருந்தது. எங்களில் கல்யாணம் பேசி முடிந்ததும் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் சாமியார் வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். முதல் ஓலை வாசிக்கும்வரை இரண்டு வீட்டாரும் வெளியே உறவு சொல்லிக்கொள்ளமாட்டார்கள். சொன்னால் கோயிலை முந்திக்கொண்டதாக ஆகிவிடும். மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் கல்யாணம் நடந்த மாதிரிதான். வாசிக்காமல் நின்றுபோன ஓலையோடு எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். அறுபது வயதிலும் அவரை 'ரெண்டு ஓலை' என்றுதான் கூப்பிட்டார்கள்.

தண்டலின் மகளை நான் அதிகம் பார்த்ததில்லை. அவள் எழுத்தைத்தான் அதிகம் பார்த்திருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவுக்காகத் தோணிச் சரக்குப் பட்டியலை அவள்தான் எழுதுவாள். அது என் மேஜைக்கு வரும். மிளகாய் இத்தனை மூடை, வெங்காயம் இத்தனை மூடை என்கிற பட்டியலை வாசித்துக் காதல் வந்த ஆள் இந்தக் கடற்கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ழகரத்துக்கு அவள் போடுகிற வால் அடுத்த வரியைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

திங்கட்கிழமை, மேலே சொன்ன கொப்புளத்தோடு டீக்கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சிக்கு ஸ்ரீவைகுண்டம்.

"ஏலே, புனிதருக்கு உள்ளத எடுத்து விசிறிக்கிட்டியாமே?"

"சும்மா ஒரு தமாசு அண்ணாச்சி."

"நான் ஒண்ணும் சொல்லல. அங்கன ரெண்டு பேரு பேசிட்டுப் போனாவ. தேவதூஷணம்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு." கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "எங்க ஊருப் பெருமாள் சிரிச்சிட்டு விட்டுருவாரு. உங்க ஆளு எப்படி?"

"தெரியலயே அண்ணாச்சி. நாக்குல ஒரு கொப்புளம் வந்திருக்கு."

"காட்டு."

காட்டினேன். குனிந்து பார்த்தார். "ம்" என்றார். அந்த 'ம்' எனக்கு இரண்டு நாளைக்குப் போதுமானதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். கோயிலில் சாமியாருக்கு அடுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர். நல்ல செய்திக்கு ஆள் அனுப்புவார், கெட்ட செய்திக்குத் தானே வருவார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் சாமி ஒன்ன வரச் சொன்னாவ. கடுதாசி வந்திருக்கு."

"என்ன கடுதாசி?"

"ஓலைக்கு ஆட்சேபணை. புனிதர அவமானப்படுத்துனதா எழுதியிருக்கு."

"யாரு எழுதுனது?"

"அத நான் சொல்லலாமாலே?" என்று சைக்கிளில் ஏறிவிட்டார்.

அப்போது நான் எடுத்த முடிவை இன்று நினைத்தாலும் என் புத்திக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது. எழுதியது யார் என்று தெரியாது. ஆகவே எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிடுவது. நூறு வீட்டில் கேட்டால் அதில் ஒரு வீடு அந்த வீடாக இருக்கும்.

முதலில் ஊர்த்தலைவர் வீடு.

"புனிதர் விசயமா மன்னிப்பு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன் மாமா."

"எந்தப் புனிதர் விசயம்?" முன்வரிசையில் உட்கார்ந்தவர், ஆனால் முதல் காட்சியிலேயே தூங்கிவிட்டாராம்.

எதற்கு மன்னிப்பு என்று தெரியாமல் எப்படி மன்னிப்பார்? சொன்னேன். சொல்லும்போது ஒளிவட்டத்துக்குப் பதிலாக அவருடைய பனையோலை விசிறியைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. 'சீல் எங்க' என்ற இடத்தில் அவருக்குப் புரையேறி, அவர் மனைவி ஓடிவந்து தலையில் தட்டினாள். இருமல் நின்றதும் முகத்தை இறுக்கிக்கொண்டு, "ஆனா தப்புதாம்ல" என்றார்.

அடுத்து, செபமாலைச் சபையில் மூத்தவளான, எனக்கு அண்ணி முறையாகிற மயினி வீடு.

"நான் அன்னைக்கு வேம்பாருக்குல்லா போயிருந்தேன்," என்றாள். சொன்னேன். வாயில் குருசு போட்டுக்கொண்டாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏளா, இங்கன வா. இவன் புனிதர என்ன பண்ணியிருக்கான்னு கேளு. ஏலே, மொதல்ல இருந்து சொல்லு" என்றாள். மொதல்லயிருந்து சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது, 'சீல் எங்க' என்பதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தினால் இன்னும் நன்றாக வருகிறது என்று எனக்கே தெரிந்தது. நிறுத்தினேன். தங்கச்சிக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

புதன்கிழமை அந்திக்குள் பதினோரு வீடு முடித்திருந்தேன். கடைசி வீட்டில் எனக்கு முன்பே செய்தி போயிருந்தது. நடுவீட்டில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். "மன்னிப்பு கேக்கவா வந்திய? உக்காருங்க. அத்தான் மேல் கழுவுதாவ, வந்துரட்டும், பொறவு ஆரம்பிங்க" என்றாள் அந்த வீட்டு அம்மா. நாடகம் பார்த்தவர்களைவிட மன்னிப்பைப் பார்த்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சிரித்துமுடித்த எல்லோரும் ஒரே மாதிரி முகத்தை இறுக்கி, "ஆனா புனிதரு மனசு புண்பட்டிருக்கும்" என்றார்கள். அவரிடம் போய்க் கேட்டவர்கள் யாரும் இல்லை. நானும் கேட்கவில்லை. கோயில் பக்கம் போகவே பயமாக இருந்தது.

வியாழக்கிழமை போனேன். சாமியார் வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"பேச்சு ஏன் ஒரு மாதிரி வருது?"

"நாக்குல கொப்புளம் சாமி. நாடகம் முடிஞ்சதுல இருந்து."

"சூடா ஏதும் குடிச்சியா?"

யோசித்தேன். யோசித்ததும் அந்த டீ ஞாபகம் வந்தது. அவ்வளவு நிம்மதியாகவும் அவ்வளவு அவமானமாகவும் ஒரே நேரத்தில் எனக்கு அதற்குமுன் இருந்ததில்லை. 'இல்லை' என்று பொய் சொன்னேன்.

கடிதத்தை நீட்டினார். எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் கைநாட்டு. மேலே இப்படி இருந்தது: 'மேடையில் புனிதரை வாசலில் நிறுத்தி, உள்ளே விடாமல் திருப்பி அனுப்பி, ஊரைச் சிரிக்க வைத்தபடியால், மேற்படி மாப்பிள்ளையின் மூன்றாம் ஓலையை வாசிக்காமல் நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.' மேற்படியைத் தாண்டி வாசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த வரியில் ழகரம் இல்லை. ஆனால் எழுத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு ழகரம் தேவைப்படவில்லை. கைநாட்டுக்குக் கீழே, தாளின் ஓரத்தில், அதே கையெழுத்து சின்னதாக: 'இது அப்பா சொல்லச்சொல்ல எழுதியது. எழுதியவளுக்கு ஓலையில் ஆட்சேபணை இல்லை.'

"ஒரு தாளுல ரெண்டு கடுதாசி வந்திருக்கு," என்றார் சாமியார். "நான் எதுக்குப் பதில் சொல்லணும்?"

"புனிதர நான் அப்படிப் பண்ணது தப்புதான் சாமி."

"தப்பா இல்லையாங்கறது இருக்கட்டும். கல்யாணத்துக்கு என்னென்ன தடைன்னு கோயில் சட்டத்துல வரிசையா இருக்கு. அதுல கோமாளி இல்ல. ஆனா பொண்ணப் பெத்தவரு வேண்டாம்னு நின்னா, நான் வாசிச்சு என்ன செய்ய? அவரப் போய்ப் பாரு."

கடிதத்தில் விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒளிவட்டத்தைக் கழற்றியதைப் பற்றியும் இல்லை. வாசலில் நிறுத்தியதும் திருப்பி அனுப்பியதும் மட்டும்தான் இருந்தன. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பழைய துறைமுகத்துக்குப் போனேன். அவர் தோணி மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றி முடித்து, காற்றுக்காகக் காத்துக் கிடந்தது. பலகை வழியே ஏறும்போதே அவர் சத்தம் கேட்டது. யாரோ தோணிக்காரன் வாங்கிக் கட்டிக்கொள்கிறான் என்று நினைத்தேன். பின்பக்கம் போனால், அங்கே ஆள் யாரும் இல்லை. கண்ணாடி போட்ட சின்ன மரப்பெட்டிக்குள் புனிதர் படம். அதன் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஏழு நாளாச்சுல்லா! காத்தக் கேட்டா குடுக்கணும், இல்லன்னா இல்லன்னு சொல்லணும். சும்மா பாத்துக்கிட்டு இருக்கவா ஒமக்கு நெதமும் வெளக்கு? நாளைக்குள்ள காத்து திரும்பல, மூஞ்சியப் பலகையப் பாத்துத் திருப்பி வச்சிருவேன். சொல்லிட்டேன்."

இதற்கு நடுவே வேறு சில வார்த்தைகளும் இருந்தன. அவற்றை இங்கே எழுதினால், இவ்வளவு வருடம் கழித்தும் அந்த சப்-இன்ஸ்பெக்டர் சிவப்புப் பேனாவோடு வந்துவிடுவார். என் நாடகம் முழுவதும் அதில் ஒரு வரிக்குக் காணாது.

திரும்பி என்னைப் பார்த்தார்.

"மாமா…"

"இன்னும் ஒரு ஓலை கெடக்கு. அதுக்குள்ள என்னல மாமா?"

வழிநெடுகத் தயாரித்து வந்த பேச்சைத் தொடங்கினேன். புனிதரை நான் மனதார மதிப்பவன், விளையாட்டாகச் செய்தது வினையாகிவிட்டது, புனிதரின் மனம் கோணியிருந்தால்…

"புனிதருக்கென்னல? அவரு அவரப் பாத்துக்கிடுவாரு. நான் பேசாத பேச்சா?" கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார். பாதி சுற்றியதும் நிமிராமலே கேட்டார்: "வெள்ளைச் சட்ட போட்டு ஒருத்தன் கேட்டுல நின்னான்னு ஒனக்கு எவன் சொன்னான்?"

"கேண்டீன்ல ஒருத்தன்…" என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

"பாஸுன்னு காட்டலல. வெயிலு மண்டையப் பொளந்துச்சு. வெசர்வை தொடைக்கச் சட்டைக்குள்ள கெடந்த லேஞ்சிய உருவுனேன். கூடவே உத்தரியமும் வந்துட்டு. அதப் பாத்துத்தான் அவன் சிரிச்சான்." கைக்குட்டையை எங்கள் ஆட்கள் லேஞ்சி என்பார்கள். இடுப்பில் செருகியிருந்ததைத் தொட்டுக் காட்டினார்.

"யாரப் பாக்கணும்னு கேட்டப்போ எம் பேரச் சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே."

"பேரச் சொன்னா, ஒமக்கு அவன் என்ன வேணும்னு கேப்பான். மொத ஓலை வாசிக்கல. மருமவன்னு எப்படில சொல்லுதது?"

மகளைக் கொடுக்கப்போகிற இடத்தைப் பார்க்க வந்திருக்கிறார். பெரிய பெரிய கிரேன்களுக்கு நடுவே மாப்பிள்ளை என்னதான் செய்கிறான் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று பவுடர் போட்டு வந்திருக்கிறார். உள்ளே நான் பாஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். மறுநாள் அவர் கதையைக் கேட்டு டீ மூக்கில் ஏறச் சிரித்திருக்கிறேன்.

எதைப் பற்றியும் எவனும் கேலி பேசலாம் என்று இன்றும் நினைக்கிறேன். சிவப்புப் பேனாவை யார் கையில் கொடுத்தாலும் பிடிக்காது. சாமியார் கையிலும் கொடுக்கமாட்டேன். ஆனால் அந்த மேடையை நினைக்கும்போது ஒன்று உறுத்தும். பாஸ் இல்லாதவர்களுக்காகப் பேசுகிறேன் என்று நம்பித்தான் அந்தக் காட்சியை எழுதினேன். வேடம் பிரிக்கும்போது நான் எடுத்துக்கொண்டது வாட்ச்மேனை. ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டதும் நான்தான். இதை எழுதுவதும் அவரை இன்னொரு முறை கேட்டில் நிறுத்துவதுதானே என்று யாராவது கேட்டால், ஆமாம். இந்த முறை லேஞ்சியையும் சேர்த்து எழுதியிருக்கிறேன் என்பது ஒன்றுதான் என்னால் சொல்லக்கூடியது.

அன்று தோணியில் இவ்வளவு தெளிவு எனக்கு இல்லை. "மன்னிச்சிருங்க. நாளைக்கே எல்லார்ட்டயும் போயி…" என்றேன்.

"வாய மூடுல!" கயிற்றைக் கீழே போட்டார். "வீடு வீடாப் போயி மன்னிப்பு கேட்டியாம். போன வீட்டுலல்லாம் என்னய மறுபடி கேட்டுல நிறுத்திட்டுல்லா வந்திருக்க!"

பதினோரு வீடு. சில வீடுகளில் இரண்டு தடவை.

"ஓலை?" என்று கடைசியாகக் கேட்டேன். அவர் குனிந்து கயிற்றை எடுத்தார். பெட்டிக்குள்ளிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பலகையில் இறங்கி வரும்போதுதான் நாக்கில் கொப்புளம் ஆறியிருப்பது தெரிந்தது. அதைக் கொண்டாடுகிற நிலைமையில் நான் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் காற்று திரும்பிவிட்டது. கோயில் கொடி மறுபக்கம் அடித்தது. ஒரு வாரத்துக்கு மேல் காத்துக் கிடந்தவர் ஒரு மணிநேரம்கூட நிற்கமாட்டார், போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உள்ளே நுழைந்தபோது ஆண்கள் பக்கம் முன்வரிசையில் அந்த வெள்ளைச் சட்டை உட்கார்ந்திருந்தது. பெண்கள் பக்கம் முக்காட்டுக்குள் அவள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

சாமியார் மூன்றாம் ஓலையை எடுத்தார். அவள் பெயர், என் பெயர். "தடை ஏதும் தெரிந்தவர்கள்…" என்றபோது, நான் எழுந்து நின்றேன்.

ஏன் நின்றேன் என்றால், ஊர் முழுக்கக் கூடியிருக்கிறது, இங்கே ஒரே தடவையாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. புனிதருக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, நான் செய்தது வேறொருவருக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பாதி முகங்களில் சிரிப்பு தயாராக இருந்தது. மயினியும் அவள் தங்கச்சியும் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோயிருந்தார்கள். கோமாளி ஆரம்பிக்கப் போகிறான். வெள்ளைச் சட்டை மட்டும் திரும்பவில்லை. அதன் கழுத்துக்குப் பின்னால், காலருக்கு மேலே, உத்தரியக் கயிறு தெரிந்தது.

வந்ததை விழுங்கினேன்.

"மாப்பிள்ளைக்கே ஏதும் தடை இருக்கா?" என்றார் சாமியார்.

"இல்ல சாமி. காலு மரத்துப்போச்சு."

கோயில் சிரித்தது. நான் உட்கார்ந்தேன்.

மூன்றாம் ஓலை வாசித்து முடிந்தது. யாரும் தடை சொல்லவில்லை. பூசை முடிந்ததும் அவர் நேரே பழைய துறைமுகத்துக்குப் போனார். அன்று மத்தியானமே தோணி புறப்பட்டது. அவர் திரும்பி வந்தபின் எங்கள் கல்யாணம் நடந்தது. அதற்கு அடுத்த மாதம் ஆபீசில் எழுதிக் கேட்டு, அவர் பெயருக்கு ஒரு பாஸ் வாங்கினேன். 'பார்க்க வேண்டியவர்' என்ற இடத்தில் என் பெயர். 'உறவு' என்ற இடத்தில் மாமனார் என்று இருந்தது. அவர் அதை மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு மடித்துக் கொண்டுபோய், தோணியில் புனிதர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அது ஒருநாள் பாஸ். அந்த நாளில் அவர் வரவில்லை. பிறகும் வரவில்லை.